தோற்றதை எழுதி வைத்த தளபதி

நவம்பர் 2

மாவட்ட நூலகத்தில் தூசி தட்டி எடுத்துவந்தேன், ஃபீல்ட் மார்ஷல் வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட பர்மா போர் நினைவுகளை. கூடவே அவரைப் பற்றிய ஒரு வாழ்க்கை வரலாறும் கிடைத்தது. எனக்குப் போர் வரலாற்றில் நாட்டம் கிடையாது. ஐயா (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரங்கூனில் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1942இல் பர்மா எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அந்த நடையைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அதே ஆண்டு, அதே பாதையில் பின்வாங்கி வந்த படையின் தளபதி வாய் திறந்திருக்கிறாரே என்றுதான் எடுத்தேன்.

நவம்பர் 4

பிறப்பு 1891, பிரிஸ்டல். தந்தையின் இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துப்போய்க் குடும்பம் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வசதியில்லை. ஏழைப் பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர் வேலை. பிறகு இரும்புக் குழாய் செய்யும் கம்பெனியில் குமாஸ்தா. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி என்றாலே பிரபு வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். இவர் பல்கலைக்கழக மாணவராக இல்லாமலே அதன் ராணுவப் பயிற்சிப் பிரிவில் எப்படியோ நுழைந்துகொண்டவர். 1914இல் போர் வராமல் இருந்திருந்தால் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றிருப்பார்.

1915இல் துருக்கியின் கலிப்போலியில் பலத்த காயம். மெசபடோமியாவில் மறுபடியும் காயம், ஒரு பதக்கம். பிறகு இந்திய ராணுவத்துக்கு மாறி கூர்க்கா படைப்பிரிவில் சேர்ந்தார். சம்பளம் போதாமல் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். புனைபெயர் ஆன்டனி மில்ஸ். ஸ்லிம் என்பதை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்து, ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்தால் மில்ஸ். நம் ஊர் எழுத்தாளர்களுக்குச் சளைத்தவரல்லர்.

நவம்பர் 6

தற்செயலாக இன்று படித்த சம்பவமும் நவம்பர் 6ஆம் தேதி நடந்ததுதான். 1940, சூடான் எல்லையில் கல்லாபாத். இத்தாலியர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். பிறகு டாங்கிகள் பழுதாகி நின்றன, விமானங்கள் குண்டு வீசின, ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் கலைந்து ஓடியது. மேலே போகலாமா, பின்வாங்கலாமா? பின்வாங்கினார். பிற்காலத்தில் அவரே எழுதுகிறார்: இரண்டு வழிகளில் துணிச்சலானதை நான் எடுக்கவில்லை, என் அச்சங்களிடம் ஆலோசனை கேட்டேன் என்று.

பென்சிலால் அடியில் கோடு போட்டுவிட்டேன். தலைமையாசிரியராக இருந்தபோது நூலகப் புத்தகத்தில் கோடு போட்ட பையன்களைப் பெஞ்சின் மேல் ஏற்றியவன் நான்.

நவம்பர் 9

நாள் முழுவதும் 1942.

மார்ச் மாதம் பர்மாவுக்கு வருகிறார். அதற்குள் ரங்கூன் ஜப்பானியர் கையில். அதாவது துறைமுகம் இல்லை, புதிய படை வராது, குண்டும் அரிசியும் வராது. இனி வடக்கே நகர்வது ஒன்றே வழி. யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாமே கொளுத்திவிட்டுப் போகிறார்கள். ஜப்பானியர் ஒவ்வொரு முறையும் காட்டுக்குள் சுற்றி வந்து பின்புறச் சாலையை அடைத்துவிடுகிறார்கள். லாரிகளை நம்பிய படை சாலையை விட்டு இறங்கத் தெரியாமல் தவிக்கிறது. ஏறக்குறைய 900 மைல். பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே மிக நீண்ட பின்வாங்கல்.

நடுவில் ஒரு காட்சி. அதிகாரிகள் எல்லாரும் முகம் தொங்கிப்போய் நிற்கிறார்கள். "இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறார் ஸ்லிம். ஒருவர் மட்டும் "எப்படி?" என்று கேட்கிறார். அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்ததாம். "மழை பெய்திருக்கலாமே" என்று சமாளிக்கிறார். இரண்டு மணி நேரத்தில் கொட்டுகிறது மழை.

சாலையோரம் அகதிகள். லட்சக்கணக்கில் இந்தியர்கள் அந்த ஆண்டு பர்மாவை விட்டு நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே காலராவிலும் பசியிலும் விழுந்தார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். இதிலும் கோடு.

இம்பாலில் அந்தப் படைக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. மழையில் மலைச்சரிவில் கிடந்தார்கள். அவர் விடைபெற்றபோது எலும்பும் தோலுமாய் நின்ற அந்த வீரர்கள் ஆரவாரம் செய்தார்களாம். வென்ற படை ஆரவாரம் செய்வது வேறு, தோல்வியை மட்டுமே தந்த தலைவனுக்குச் செய்வது வேறு என்கிறார்.

நவம்பர் 10

அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். "அப்பா ஒன்றும் சொன்னதில்லை, தம்பி. வைகாசி மழை பிடித்தால் மட்டும் சாப்பாட்டு இலையை விட்டு எழுந்து போய்விடுவார். ஏனென்று அம்மாவும் கேட்டதில்லை" என்றார்.

நவம்பர் 14

1943இல் பர்மா முனையில் போரிட வேண்டிய பதினான்காவது படை அவர் கைக்கு வருகிறது. போரை விட இந்தப் பகுதிதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. அந்த ஆண்டு காயத்துக்காக ஒருவரைப் பின்னால் அனுப்பினால், நோய்க்காக 120 பேரை அனுப்ப வேண்டியிருந்தது. மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை உண்டு. வீரர்கள் விழுங்க மாட்டார்கள், ஆண்மை போய்விடும் என்று வதந்தி. திடீர்ச் சோதனை வைக்கிறார். மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் வீரனுக்குத் தண்டனை இல்லை, அந்தப் பிரிவின் தளபதிக்கு வேலை இல்லை. மூன்று பேரை அனுப்பியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. வகுப்பு தோற்றால் முதலில் ஆசிரியரைக் கேள் என்பேன் நானும், கேட்டவர் யார்?

விமானத்திலிருந்து உணவு போடப் பட்டுப் பாராசூட் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் சணலிலேயே செய்யச் சொல்கிறார். 20 பவுண்டு ஆகும் பொருள் ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகமாக முடிந்தது. நம் கோணிச் சாக்கு வானத்திலிருந்து இறங்கியிருக்கிறது! முன்னணியில் அரை ரேஷன் என்றால் தன் தலைமையகத்திலும் அரை ரேஷன்.

நவம்பர் 17

1944, இம்பாலும் கோஹிமாவும். இனிப் பின்வாங்குவதில்லை, சூழ்ந்துகொண்டால் நின்ற இடத்திலேயே நில், சோறு வானத்திலிருந்து வரும். 1942இல் வாங்கிய அடியிலிருந்து எடுத்த பாடம் இது. வந்த ஜப்பானியர் ஏறக்குறைய 85,000 பேர். 30,000 பேர் மாண்டதாகக் கணக்கு, பசியிலும் நோயிலும் போனவர்களே பலர்.

வென்ற கதையிலும் தவறுகளை எண்ணி வைக்கிறார். பர்மா எல்லை மலையில் திட்டிம் பகுதியில் நின்ற தன் படையைத் திரும்ப அழைக்கும் நாளைத் தானே முடிவு செய்யாமல் கீழே விட்டது ஒன்று. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட்தான் வரும் என்று நினைத்திருக்க, அதைவிடப் பல மடங்கு பெரிய டிவிஷனே வந்து நின்றது இன்னொன்று.

ஓரிடத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை. நேதாஜியின் படையை ஏளனமாகச் சில வரிகளில் தள்ளிவிடுகிறார். மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து எத்தனை தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள்! தன் தோல்விக்கு இத்தனை பக்கம் கொடுத்தவருக்கு அவர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

நவம்பர் 21

மீதி வேகமாக ஓடியது. பர்மாவில் 1945 மார்ச்சில் மெய்க்திலாவும் மண்டலேயும், மே தொடக்கத்தில் ரங்கூனும் திரும்பக் கைக்கு வந்தன. வென்ற சூட்டிலேயே மேலதிகாரி லீஸ் அவரைப் படையிலிருந்து நகர்த்தப் பார்த்தார். கடைசியில் போனது லீஸ், அந்த நாற்காலியில் அமர்ந்தது ஸ்லிம். 1948இல் ஓய்வு பெற்று ரயில்வே நிர்வாகத்தில் இருந்தவரைப் பிரதமர் அட்லி திரும்ப அழைத்து ராணுவத் தலைமைத் தளபதியாக்கினார். இந்திய ராணுவத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். அடுத்த தளபதி நீங்கள்தான் என்று வேறொருவரிடம் சொல்லியாயிற்று என அப்போது அந்தப் பதவியில் இருந்த மான்ட்கமரி தடுத்தாராம். சொல்லாததாக ஆக்கிவிடுங்கள் என்றாராம் அட்லி.

1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல். இதைத் தேடப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. அக்காலத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்த சிலர், பார்வையிட வந்த அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்ததாகப் பிற்காலத்தில் குற்றம் சாட்டினார்கள். அவர் 1970இலேயே இறந்துவிட்டார்; அவர் மீது நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் நடக்கவில்லை. கான்பெராவில் அவர் பெயர் கொண்ட சாலைக்கு இப்போது வேறு பெயர். அவருடைய தவறுகளைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் குறித்து வந்தேன். இதை அதில் எழுதுவதா? அவர் ஒப்புக்கொண்டவற்றுக்கான தாள் அது. எழுதாமல் மடித்து வைத்தேன், மனம் மடியவில்லை.

நவம்பர் 23

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். ரப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பென்சில் கோடாக அழித்தேன். அகதிகள் பக்கத்துக் கோட்டை மட்டும் விட்டுவிட்டேன். நூலகர் புரட்டிப் பார்த்தார், கண்டுபிடிக்கவில்லை.