மாத்திரை பாதி, நான் பாதி

ஜனவரி 6
பன்னிரண்டு மணி நேரம் வயிறு காயக் கிடந்து கொடுத்த ரத்தத்துக்கு இன்று ரிசல்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 262, 'நல்லது' எனப்படும் ஹெச்டிஎல் 41, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 175, 'கெட்டது' எனப்படும் எல்டிஎல் 186. கடைசி எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு வலி கிடையாது, மூச்சு வாங்கவில்லை. நேற்று வரை நான் நோய் நொடி இல்லாத ஆள். எல்டிஎல்லைப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லையாம். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். 262இல் 41 போய், 35 போய்... மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 186தான்.

ஜனவரி 8
"மூணு மாசம் கொடுங்க டாக்டர், சாப்பாட்டிலேயே குறைச்சிடறேன்" என்றேன். அப்பாவுக்கு எத்தனை வயதில் மாரடைப்பு வந்தது என்று கேட்டார். 51. எனக்கு 47. அதற்கு மேல் பேரம் பேச வாய் வரவில்லை. அட்டோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம், தினம் ஒன்று; கொலஸ்ட்ராலைக் குறைக்கும் 'ஸ்டாடின்' வகை மாத்திரை. சாப்பாடும் நடையும் அதோடு சேர்த்து, அதற்குப் பதிலாக அல்ல.

ஜனவரி 12
நான்கு நாளாக அட்டையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்வது என் கல்லீரலேதான் என்று படித்தபின் சாப்பாட்டின் மேல் வைத்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஸ்டாடின் அந்த உற்பத்தியைத் தடுக்கிறது. கையிருப்பு குறைந்த கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தாராம். மகளிடம் சொன்னேன். "பூசணம் பிடிச்ச மாத்திரையாப்பா?" என்று முகத்தைச் சுளித்தாள். இரவு போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 19
மேசை டிராயரில் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட். முன்பக்கம் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் எறும்பு எழுத்தில் பாமாயில். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் எப்படி இருக்கும்? அந்த எண்ணெயில் பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். ஏமாந்தவன் நான். மிச்சத்தைத் தின்றுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 2
இரண்டு தொடையிலும் வலி. ஸ்டாடின் தசையைப் பிடிக்கும் என்று படித்தது ஞாபகம் வந்ததும் வலி இரட்டிப்பானது. மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்றேன். "பத்து நாளா மூணு மாடி ஏறி இறங்குறீங்களே, அதை யார் கணக்குல எழுதறது?" என்றாள் மனைவி. நானாக நிறுத்தாமல் டாக்டருக்கே போன் செய்தேன். தசைக்கான ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்; சிறுநீர் கருப்பாகப் போனால் உடனே வரச் சொன்னார்.

பிப்ரவரி 5
தசைப் பரிசோதனை நார்மல். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்டவர்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, 2020இல் வெளியானது. அவர்களுக்கு வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையிலும் வந்ததாம். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11
வலி போய்விட்டது. மாடி தொடர்கிறது.

மார்ச் 10
மொத்தம் 179, எல்டிஎல் 108. குதித்துக்கொண்டு போனேன். இந்த அளவு மாத்திரையே நாற்பது சதவீதம் போலக் குறைக்கும் என்றார் டாக்டர். 186 எங்கே, 108 எங்கே? கணக்குப் போட்டால் 42. ஆக, நான் விட்ட பொரியலுக்கும் தேய்த்த செருப்புக்கும் இரண்டே இரண்டு சதவீதமா? முகம் தொங்கியதைக் கவனித்திருப்பார். டிரைகிளிசரைடு 140க்கு இறங்கியதிலும், எடை மூன்று கிலோ குறைந்ததிலும் உங்கள் பங்கு பெரிது என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரோ என்னவோ, வாங்கி வைத்துக்கொண்டேன்.

"அப்போ மாத்திரையை விட்டுடலாமா?"

"விட்டா சில வாரத்துல பழையபடி ஏறிடும்."

சரி. வரும் வழியில் அடுத்த மாதத்துக்கான அட்டைகளை வாங்கினேன். மின்தூக்கி முதல் மாடியிலேயே நின்றிருந்தது, படியில்தான் ஏறினேன்.