மார்ச் மாதக் கெடு இல்லாத மானியம்

மானியம் என்றாலே மார்ச்சுக்குள் செலவழி, ரசீது கொடு என்பதுதான் வழக்கம். எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்காரர்களிடமே விட்ட இங்கிலாந்தின் ‘பிக் லோக்கல்’ திட்டம் அந்த விதியைத் தூக்கிப்போட்டது. தேசிய லாட்டரி வருமானத்தில் பொதுநலப் பணிக்கு ஒதுக்கும் நிதியிலிருந்து 20 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கி, அதை நிர்வகிக்க 2012-ல் லோக்கல் டிரஸ்ட் என்ற அமைப்பை நிறுவினார்கள். 150 பகுதிகள், பகுதிக்குக் குறைந்தது 10 லட்சம் பவுண்ட், 10 முதல் 15 ஆண்டு அவகாசம். ஏழைப் பகுதியாக இருந்தால் மட்டும் போதாது. அதுவரை லாட்டரிப் பணம் அதிகம் எட்டிப்பார்க்காத இடமாகவும் இருக்க வேண்டியிருந்தது. விண்ணப்பப் போட்டி வைக்கவில்லை. வைத்தால், நன்றாக விண்ணப்பம் எழுதும் ஊருக்கே பணம் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

ஒவ்வொரு பகுதியிலும் செலவை முடிவுசெய்ய ஒரு குழு. அதில் குறைந்தது எட்டுப் பேர், அவர்களில் பாதிக்கு மேல் அங்கேயே குடியிருப்பவர்கள். இந்தக் குழு பெரும்பாலும் பதிவு பெற்ற அமைப்பாக இருக்காது. அதனால் உள்ளூரில் நம்பகமான ஓர் அமைப்பு பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், ஊழியரையும் அதுவே நியமிக்கும். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். குழு முடிவெடுக்கும், ஊழியரோ சம்பளம் தருபவர் பேச்சைத்தான் கேட்பார். ஆகவே பணம் வருமுன் எழுத்தில் நான்கு விஷயம் வேண்டும்: தனிக் கணக்குத் தலைப்பு, மூன்று மாதத்துக்கொரு வரவு-செலவு அறிக்கை, ஊழியருக்கு வேலை சொல்வது யார், குழுவும் அமைப்பும் பிரிய நேர்ந்தால் எத்தனை மாத முன்னறிவிப்பு. கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். விலகும் வழியை எழுதிவைக்காமல், அந்த அமைப்பு நொடித்துப்போனால் ஊர்ப் பணமும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

முதல் ஓரிரு ஆண்டுகள் வெளியே ஒன்றும் தெரியாது. கூட்டம், கருத்துக் கேட்பு, திட்ட வரைவு, அவ்வளவுதான். சின்னச் சின்ன மானியங்களை உடனே கொடுத்தால் ஆட்கள் கலைய மாட்டார்கள். கட்டடம் வாங்கும் ஆசை வேண்டாம் என்றில்லை; கூரை, காப்பீடு, சூடேற்றும் செலவு மூன்றையும் வருடக் கணக்காகப் போட்டுப் பார்த்த பிறகு வாங்கலாம்.

நீண்ட அவகாசத்தின் பலனைப் பார்க்க, பிக் லோக்கல் பகுதிகளில் ஒன்றான பிரிஸ்டல் நகரின் லாரன்ஸ் வெஸ்டனைப் பார்க்கலாம். அங்கே குடியிருப்போர் அமைப்பு கடனும் மானியமும் திரட்டி நிறுவிய 4.2 மெகாவாட் காற்றாலை 2023-ல் ஓடத் தொடங்கியது. ஓராண்டு மானியக்காரர் யாரும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

2025-ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த திட்டமும் பத்தாண்டுக்கானதே, பகுதிக்கு 2 கோடி பவுண்ட் வரை. ஆனால் பணம் உள்ளாட்சி மன்றம் வழியாகப் போகிறது, அதில் பெரும்பங்கு மூலதனச் செலவுக்கு. பெஞ்சு போடக் காசிருக்கும். ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைக்கும் ஊழியருக்குச் சம்பளம்தான் இழுபறியாகும்.