பலகை ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது?

ஸ்கேட்போர்டு வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோரும் முயல்வது ஆலியைத்தான். கையால் தொடாமலே பலகை காலோடு சேர்ந்து மேலே எழும்புகிற அந்தத் தாவல். வீடியோவில் பார்த்தால் ஷூவின் அடியில் பசை தடவியிருக்கிறார்களோ என்று தோன்றும். நாமே முயலும்போது ஆள் மட்டும் மேலே போவோம். பலகை டொக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தரையிலேயே கிடக்கும். "இன்னும் ஓங்கி மிதிக்கணும் போல" என்று உடனே ஒரு முடிவுக்கு வருவோம். அதுதான் தப்பு. ஆலி வராதவர்களில் பெரும்பாலானோர் மிதிப்பதில் குறை வைப்பதில்லை. மிதித்த காலை எடுப்பதில்தான் தாமதம்.

நடப்பது இதுதான். பின்கால் டெயிலை, அதாவது பலகையின் வளைந்த பின்முனையை, அடிக்கிறது. பின்சக்கரங்களை ஆதாரமாக வைத்துப் பலகை சீசா மாதிரி சாய, முன்முனையான நோஸ் மேலே ஏறுகிறது. டெயில் தரையில் மோதித் தெறிக்கிறது. அந்தத் தெறிப்பில்தான் பின்சக்கரங்களும் தரையை விடுகின்றன. அந்த நொடியில் உங்கள் எடை டெயில் மேல் இருந்தால் தெறிப்பு அங்கேயே செத்துவிடும். எடை விலகியிருந்தால் பலகை நிமிர்ந்து மேலே வரும். அப்போது முன்காலின் வெளி ஓரம், அதாவது சுண்டுவிரல் பக்கம், பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பில் உரசியபடி நோஸை நோக்கிப் போகிறது. அந்த உரசல்தான் பலகையை இழுத்து மட்டமாக்குகிறது. பசையும் இல்லை, மாயமும் இல்லை. உப்புத்தாளில் ரப்பர் உரசுவது அவ்வளவுதான்.

ஆலி என்பது ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்டின் பட்டப்பெயர். 1970களின் கடைசியில் அவர் இதைச் செய்தது வளைந்த சுவர்களில். அங்கே சுவரின் வளைவே ஆளையும் பலகையையும் மேலே ஏற்றிவிடும். சமதரையில் அந்த உபகாரம் கிடையாது. டெயிலைத் தரையில் மோதித் தெறிக்கவைத்து, முன்காலால் மட்டமாக்கும் வழியை 1980களின் தொடக்கத்தில் சமதரைக்குக் கொண்டுவந்தவர் ராட்னி மல்லன். நாம் கற்கப்போவது அவருடைய ஆலியைத்தான்.

முதலில் பலகை. சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் அச்சுப் பாகம்தான் ட்ரக். பொம்மைக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ட்ரக் வைத்த பலகையில் மாதக்கணக்கில் முயன்றாலும் பலன் குறைவு. சுலபமான சோதனை: மேலே ஏறி நின்று ஒரு பக்கம் சாயுங்கள். பலகை அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் விறைத்து நின்றால் வேண்டாம். டெக் என்பது நாம் நிற்கும் மரப்பகுதி: மேப்பிள் மரம் 7 அடுக்கு ஒட்டியது, 7.75 முதல் 8.25 அங்குல அகலம், 31 அல்லது 32 அங்குல நீளம். பெரியவர்களுக்கு 8 அங்குலம் பொதுவாகச் சரியாக இருக்கும். ட்ரக்கின் ஆக்சில் டெக்கின் அகலத்தோடு கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும். வீல் 52 முதல் 54 மி.மீ., கடினம் 99ஏ (எண் கூடினால் கடினம் கூடும்). உங்களுக்குக் கிடைப்பது கரடுமுரடான தார் ரோடு மட்டும்தான் என்றால் 99ஏ பல்லை ஆட்டிவிடும். 85ஏ போன்ற மென்மையான வீல் வசதி. ஆனால் ட்ரிக்குக்குக் கொஞ்சம் மந்தம். 22 அங்குல பிளாஸ்டிக் க்ரூசர் பலகை தெருமுனைக் கடைக்குப் போய்வர அருமையானது. அதில் ஆலி கற்க நினைக்காதீர்கள்.

பேரிங் எல்லாம் 608 என்கிற ஒரே அளவுதான்: உள்ளே 8, வெளியே 22, தடிமன் 7 மி.மீ. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஏபெக் எண்ணை, அதாவது துல்லியத் தர எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. நம் வேகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மண்ணும் ஈரமும்தான் பேரிங்கைக் கொல்கின்றன. கழற்றி, மூடியை நீக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுத்துவிடும்.

ட்ரக்கின் நடுவில் தடியான போல்ட் ஒன்று இருக்கும். அதுதான் கிங்பின். அதன் நட்டை முறுக்கினால் பலகை விறைக்கும், தளர்த்தினால் லேசாகத் திரும்பும். புதியவர்கள் ஆட்டத்துக்குப் பயந்து முழுதாக முறுக்கிவிடுவார்கள். கிங்பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் போன்ற புஷிங் பிதுங்கி நிற்கும் அளவுக்கு முறுக்கினால் அது சீக்கிரம் வெடிக்கும், நீங்களும் பலகையைத் திருப்பக் கற்கமாட்டீர்கள். கால் சுற்றாகத் தளர்த்தித் தளர்த்தி, உடல் சாய்ந்தால் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். ரொம்பத் தளர்ந்தால் வீல் டெக்கின் அடியில் உரசி, பலகை சட்டென்று நின்றுவிடும். நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். ஒரு ஸ்கேட் டூல் வாங்கிவிட்டால் மூன்று அளவு நட்டுக்கும் அதுவே போதும். அது இல்லாதபோது வீல் நட்டை 13 மி.மீ. ஸ்பேனர் சுமாராகப் பிடிக்கும்.

இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. கண்ணை மூடி நின்று ஒருவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லும் சோதனை எல்லோருக்கும் சரியாக வராது. இரண்டு பக்கமும் பத்து நிமிடம் உருட்டிப் பாருங்கள், உடம்பே சொல்லிவிடும். தரையை உந்துவது பின்காலாக இருக்கட்டும். முன்காலால் உந்துவதற்கு மாங்கோ என்று பெயர். மாம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு உந்தலுக்குப் பிறகும் இரண்டு காலையும் இடம் மாற்ற வேண்டியிருப்பதால் பிறகு தொல்லை. பழகிப்போவதற்குள் மாற்றிக்கொள்வது நல்லது.

ஆலிக்கு முன் கைவரவேண்டியவை சில உண்டு. உந்தி, இரண்டு காலையும் ஏற்றி, முழங்கால் மடக்கி 20 மீட்டர் நடுங்காமல் போவது. பின்காலைத் தரையில் தேய்த்து நிற்பது. பிறகு கிக்டர்ன்: எடையைக் கொஞ்சம் டெயிலுக்கு மாற்றி, முன்சக்கரத்தை ஒரு அங்குலம் தூக்கி, தோளைத் திருப்புவது. தோள் போகும் திசையில் பலகை தானாக வரும். காலால் திருகினால் தடுமாறும். இடம், வலம் என்று மாறிமாறிச் செய்தால் அது டிக்-டாக். அதில் உந்தாமலே முன்னேறலாம். இது சலிப்பான வேலைதான். ஆனால் டெயிலில் எவ்வளவு எடை போட்டால் நோஸ் எவ்வளவு தூக்கும் என்ற கணக்கு காலுக்குப் புரிவது இங்கேதான். கூடவே, உருளும் பலகையில் நின்று நேராகக் குதித்து டெக்கையும் ட்ரக்கையும் இணைக்கும் போல்ட்டுகளின் மேலேயே இறங்கிப் பழகுங்கள். பலகை தரையை விடவேண்டியதில்லை, நீங்கள் மட்டும் குதித்தால் போதும். இதைச் செய்யாதவர்களுக்கு ஆலியில் ஒரு கால் மட்டும் பலகைக்கு வரும், இன்னொன்று தரைக்கு ஓடும்.

இனி ஆலி. பின்காலின் முன்பாதம் டெயிலின் நடுவில் இருக்கட்டும். குதிகால் காற்றில் தொங்கினாலும் பரவாயில்லை. முன்கால், முன் போல்ட்டுகளுக்கும் பலகையின் மையத்துக்கும் இடையில். போல்ட்டை ஒட்டி வைத்தால் ஆலி தாழ்வாக ஆனால் சுலபமாக வரும். பின்னால் தள்ளி வைத்தால் உயரம் கூடும், கட்டுப்பாடு குறையும். தோள் இரண்டும் பலகையின் நீளத்துக்கு நேராக. முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்குங்கள். முதுகை வளைத்துக் குனிவது இறங்குவது ஆகாது.

அடிப்பது கணுக்கால்தான், தொடை இல்லை. இதைத் தனியாகப் பழக ஒரு வழி: முன்காலைப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி, பின்காலை மட்டும் டெயிலில் வையுங்கள். கணுக்காலைச் சுண்டி டெயிலை அடித்து, அடித்த மறுகணமே காலை மேலே இழுங்கள். பலகை நிமிர்ந்து எழும்பி நோஸ் உங்கள் கைக்கு வந்தால் சரி. சூடான தோசைக்கல்லைத் தொட்ட விரல் போல வேகமாகக் கால் திரும்பவேண்டும். ஐம்பது முறை செய்தால் சத்தமே மாறும். மந்தமான "தொப்" போய், கணீரென்ற "டக்" வரும். அந்தச் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு காலும் மேலே. மேல்நோக்கிக் குதிக்கத் தொடங்குங்கள். முன்தோளும் முன்முழங்காலும் முதலில் எழட்டும். கடைசியாகத் தரையை விடும் பின்கால் அந்தப் போக்கிலேயே டெயிலைச் சுண்டும். முதலில் டெயிலை அடித்துவிட்டுப் பிறகு குதிப்போம் என்றால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முன்காலின் கணுவை உள்ளே மடக்கி, ஷூவின் வெளி ஓரம் உரசும்படி நோஸ் பக்கம் இழுங்கள். உச்சியில் இரண்டு முழங்காலும் நெஞ்சை நோக்கி வரவேண்டும். இறங்கும்போது கால் இரண்டும் போல்ட்டுகளின் மேல், முழங்கால் மடங்கியபடி. பலகையின் நடுவில் மொத்த எடையும் இறங்கினால் டெக் முறியும்.

நோஸ் எழும்பி, டெயில் தரையிலேயே நின்றால் பின்காலை எடுக்கவில்லை என்று பொருள். பலகை முன்னால் பாய்ந்து ஓடி நீங்கள் பின்புறமாக விழுந்தால், உங்கள் தோள் டெயிலுக்கு மேல் இருந்திருக்கிறது. அதைப் பலகையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். காற்றில் பலகை ஒரு பக்கம் திரும்பினால் காலைக் குற்றம் சொல்லாதீர்கள், குதிக்கும்போது மார்பு போகும் திசையை நோக்கித் திறந்துவிட்டது. கண்ணை முன் போல்ட்டுகளில் வைத்தால் தோள் ஓரளவு அடங்கும். முன்கால் உரசாமல் சும்மா மேலே போய்விட்டால் கணு மடங்கவில்லை. தினமும் ஒரே ஒரு தவறைத் திருத்துங்கள். செல்போனைப் பலகையின் உயரத்தில், பக்கவாட்டில் வைத்து மெதுவோட்ட வீடியோ எடுத்தால் எது தவறு என்று ஐந்தே முயற்சியில் தெரிந்துவிடும்.

நின்றபடி பழகுவதா, உருண்டபடியா? புல்தரையில் நின்று செய்தால் பலகை ஓடாது, பயம் குறையும்; கால் வரிசை மனதில் பதியும். ஆனால் புல்லில் டெயில் தெறிக்காது. அங்கே இரண்டு நாளுக்கு மேல் தங்காதீர்கள். சிமென்ட் தரையின் இணைப்புக் கோட்டில் சக்கரத்தைப் பொருத்தி நிறுத்திச் செய்வது அடுத்த படி. அதன் பிறகு நடக்கும் வேகத்தில் உருட்டியபடிதான். நின்றபடி நூறு ஆலி போடுகிறவர் உருளும் பலகையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருப்பது சகஜம்.

இடம் என்றால் அடுக்குமாடியின் காலி கார் பார்க்கிங், சிமென்ட் போட்ட பாட்மின்டன் கோர்ட். மொட்டை மாடி வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது ஒரு புறம். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் இரண்டரைக் கிலோ பலகை தெருவில் போகிறவர் தலையில் இறங்கும். கூழாங்கல் ஒன்று போதும் கடினமான வீலை நிறுத்த. ஆகையால் தொடங்கும் முன் துடைப்பத்தால் ஒரு பெருக்கு. மழை ஈரத்தில் ஓட்டினால் மர அடுக்கு ஊறி டெயிலின் தெறிப்பு போய்விடும்.

விழுவீர்கள். பின்னால் விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது இயல்பு, மணிக்கட்டு உடைவதும் அப்படித்தான். மணிக்கட்டுக் காப்பு போடுங்கள். முடிந்தால் தோளால் உருளுங்கள், அல்லது பலகையை விட்டு ஓடி இறங்குங்கள். ஹெல்மெட்டில் இஎன் 1078 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்ற பாதுகாப்புத் தர முத்திரையைப் பாருங்கள். பைக் ஹெல்மெட் கனம், கழுத்தை இழுக்கும். ஷூ தட்டையான அடியோடு, மெல்லிய தோல் மேற்புறத்தோடு இருக்கட்டும். கேன்வாஸ் ஷூ ஆலி உரசலில் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். தடித்த அடியுள்ள ரன்னிங் ஷூ போட்டால் காலுக்குப் பலகையே தெரியாது.

ஆலி இழுத்தடிக்கும் வாரங்களில் ஷவ்-இட் பழகலாம். பலகை தரையை ஒட்டியே 180 டிகிரி சுழலும், நீங்கள் மேலே குதித்து அதன் மேல் இறங்குவீர்கள். பின்காலின் விரல்களால் டெயிலை உங்கள் முதுகுப் பக்கமாக வாரி விடுங்கள், ஓங்கி அடிக்கவேண்டாம். முன்கால் நேராக மேலே தூக்கி வழி விட்டால் போதும். பலகை பாதியில் நின்றால் முன்காலில் எடை மிச்சம் இருக்கிறது. உங்களை விட்டுப் பின்னால் பறந்தால் வாரியது அதிகம். ஆலிக்குத் தேவையான அதே பாடம், இன்னும் மலிவான விலையில்.

ஆலியின்போதே பலகையை நீளவாக்கில் ஒரு முழுச் சுற்று சுழற்றும் கிக்ஃப்ளிப்புக்கு எப்போது போகலாம்? படுக்கவைத்த செங்கல் ஏறக்குறைய 3 அங்குல உயரம். அந்த உயரத்துக்கு ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தட்டி மடித்து வையுங்கள். நிஜச் செங்கல் வேண்டாம், சக்கரம் இடித்தால் ஆளைத் தூக்கி எறியும். உருண்டபடி வந்து, பத்து முறையில் ஏழு முறை அட்டையைத் தொடாமல் தாண்டி, இரண்டு காலும் போல்ட்டின் மேல் இறங்கினால் போகலாம். அதற்கு முன்னால் கிக்ஃப்ளிப் முயன்றால் பலகை கவிழ்ந்து சுழலும், ஆனால் உயரம் இருக்காது. ஓரமாக நிமிர்ந்து நிற்கும் பலகையின் மேல் கணுக்கால் இறங்கும்.