புழக்கத்துக்கு வராத நாணயங்கள்: இரண்டு வருடச் சேகரிப்பு

சேகரிப்பவர்களுக்காகவே அடிக்கிற நாணயங்களை வாங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பெட்டியில் இருப்பது 14. முதல் ஆறு மாதத்திலேயே 20-ஐத் தாண்டியிருந்தது, அப்புறம் பாதிக்கு மேல் கைமாற்றிவிட்டேன்.

ஆரம்பத்தில் 'குறைந்த எண்ணிக்கை' என்று போட்டிருந்தால் போதும், வாங்கிவிடுவேன். நியுவே, குக் தீவுகள், துவாலு பெயரில் வருகிற வண்ணம் பூசிய வெள்ளி நாணயங்கள்தான் அதிகம். அந்தத் தீவுகளின் பெயரும் முகமதிப்பும் (நாணயத்தில் பொறித்த மதிப்பு) இருக்கும், அடிப்பது வேறு நாட்டு நாணயச் சாலை. துவாலு பெயரில் வருகிற பலவற்றை ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் அடிக்கிறது. ஒரே வருடத்தில் இப்படி எத்தனையோ வடிவங்கள் வரும்போது, ஒவ்வொன்றிலும் சில ஆயிரம்தான் என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை என்பது என் கருத்து.

முகமதிப்பும் அப்படித்தான். 31.1 கிராம் வெள்ளி உள்ள அமெரிக்கன் ஈகிளில் 1 டாலர் என்றும், அதே எடையுள்ள ஆஸ்திரியாவின் வியன்னா ஃபில்ஹார்மானிக் நாணயத்தில் 1.50 யூரோ என்றும் இருக்கும். 1967-இல் வந்த தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் தங்க நாணயத்தில் மதிப்பே போடவில்லை.

என் பெரிய தவறு பிரிட்டனின் பிரிட்டானியா நாணயத்தின் புரூஃப் ஒன்றைத் துடைத்தது. புரூஃப் என்றால் அச்சையும் வில்லையையும் பளபளப்பாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பது. பின்புலம் கண்ணாடி மாதிரியும் உருவம் பனி படர்ந்த மாதிரியும் வரும். அந்தக் கண்ணாடிப் பரப்பில் மெல்லிய துணி பட்டாலும் கோடு விழும், விழுந்தால் போகாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது முடி முடியாகத் தெரிந்த கோடுகளைப் பார்த்து மனசு விட்டுப்போச்சு. அதிலிருந்து ஓரத்தை மட்டும்தான் பிடிக்கிறேன், நாணயத்தை மூடி வைக்கிற காப்ஸ்யூலைத் தேவையில்லாமல் திறப்பதில்லை.

இன்னொன்று, மலிவான பி.வி.சி. உறை. அதில் வைத்த ஒரு புல்லியன் நாணயத்தில் (உலோகத்தின் மதிப்புக்காகவே வாங்குகிற வகை) சில மாதத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறியது. கலப்பில்லாத அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்ததில் போய்விட்டது. ஆனால் வெள்ளியில் வருகிற வெண்மையான பால் புள்ளிக்கு அது உதவவில்லை.

புல்லியன் வாங்கினால் இப்போது ஒரு சோதனை கட்டாயம் செய்கிறேன். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக முக்க வேண்டும். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்குகிற தண்ணீரின் எடை. வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப் போல 10.49 மடங்கு என்பதால் ஒரு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) நாணயத்துக்குத் தராசு ஏறக்குறைய 2.96 கிராம் காட்டும். அதே எடைக்குச் செம்பில் அடித்து வெள்ளி முலாம் பூசியிருந்தால் 3.47 பக்கம் போய்விடும். புரூஃபை இப்படி நனைக்கவே கூடாது.

கடைசியில் மனம் நின்றது நியோபியம் என்ற உலோகம் வைத்து அடிக்கிற ஆஸ்திரியாவின் 25 யூரோ வரிசையில். 2003-இல் தொடங்கியது, சுற்றிலும் வெள்ளி வளையம், நடுவில் நியோபியம். அந்த நீலமும் பச்சையும் சாயம் இல்லை. மின்சாரம் செலுத்தி நியோபியத்தின் மேல் ஆக்சைடு படலம் உண்டாக்குகிறார்கள், அது எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற நிறம் தெரியும், சோப்புக் குமிழியில் தெரிகிற மாதிரி. நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் லேசாக மாறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அப்புறம், யூரோ என்று எழுதியிருந்தாலும் இது ஆஸ்திரியாவில் மட்டும்தான் செல்லுபடி. யூரோ சேகரிப்பு நாணயங்கள் எல்லாவற்றுக்கும், வெளியிட்ட நாட்டுக்குள் மட்டும் என்பதுதான் விதி.

இந்த வரிசையில் நான்கு சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் உள்ள ஹால் என்ற நகரத்தின் 700-ஆம் ஆண்டுக்காக அடித்த முதல் நாணயத்தை, நீல நடுவோடு இருப்பதை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கான காப்ஸ்யூலை மட்டும் இப்போதே எடுத்து வைத்தாயிற்று.