கதிர்வீச்சுக்குப் பின் மார்பக மறுசீரமைப்பு: நான் எதை, ஏன் தேர்ந்தெடுத்தேன்

இடது மார்பகத்தை எடுத்து, கீமோவும் 25 முறை கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டு ஆன பிறகே மறுசீரமைப்பைப் பற்றிக் கேட்கும் தெம்பு எனக்கு வந்தது. அதுவரை பழைய பருத்திப் புடவையில் சிறு பை தைத்து, எடைக்குக் கடுகு நிரப்பி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய சிலிக்கான் மார்பகம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வெயில் காலத்தில் வியர்த்துத் தழும்பில் அரிப்பெடுத்தது.

பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் தழும்பைச் சுற்றியிருந்த தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது மடிப்பாக எழும்பவே இல்லை. விலா எலும்போடு ஒட்டிக்கிடந்தது. என் முடிவில் பாதி அந்த நொடியிலேயே ஆகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

இம்பிளான்ட், அதாவது தோலுக்கு உள்ளே வைக்கும் செயற்கை மார்பகம் என்றால் அறுவை சிறியது, வேறெங்கும் புதிய தழும்பு விழாது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அதைச் சுற்றி நம் உடல் உண்டாக்கும் உறை இறுகி வலிப்பதும், தொற்று வந்து அதையே வெளியே எடுக்க நேர்வதும், கதிர்வீச்சு பட்ட மார்பில் கூடுதலாக நடக்கும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அது ஆயுள் முழுக்க வருவதும் அன்று. பின்னாளில் மாற்ற வேண்டி வரலாம். முதுகுத் தசையை அக்குள் வழியாக முன்னால் திருப்பும் முறை நம்பகமானது என்றாலும், பலருக்கு அளவு போதாமல் அதனுடன் இம்பிளான்ட்டும் வைக்கிறார்கள்.

அடிவயிற்றிலிருந்து சதை எடுத்து மார்பகம் அமைப்பதிலும் இரண்டு விதம் உண்டு. 1982இல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட டிராம் முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போவதால், வயிறு பலவீனமாகிக் குடலிறக்கம் வரும் ஆபத்து இருக்கிறது. பின்னால் வந்த டீப் முறையில் தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் மெல்லிய ரத்தக் குழாய்களோடு எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் நெஞ்சின் குழாய்களுடன் தைக்கிறார்கள். நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அறுவை எட்டு மணி நேரம் ஆனது. அன்று இரவு முழுவதும் மணிக்கொரு முறை செவிலியர் வந்து டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்தார். "உஷ், உஷ்" என்று ரத்தம் ஓடும் ஓசை கேட்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். அந்த ஓட்டம் அடைபட்டால் உடனே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும், தாமதித்தால் வைத்த சதை முழுவதும் வீணாகிவிடும்.

யாரும் எனக்கு அழுத்திச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். புதிய மார்பகத்தில் தொடு உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை, சூடும் உறைக்காது. தோள் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுத்த நான், கொப்புளத்தைக் குளிக்கும்போதுதான் பார்த்தேன்.

என்னோடு வார்டில் இருந்த அக்கா எதுவும் வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று தைத்துக்கொண்டு போனார்; அதுவும் முழுமையான ஒரு தேர்வுதான். எனக்கு முலைக்காம்பைப் பச்சை குத்துவதற்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.