நோயாளர் பதிவேடு: கணினிக்கு மாறும்போது காரணமும் உடன் வர வேண்டும்

ஒரு மருத்துவப் பதிவேட்டின் தரம், அந்த நோயாளியை அதுவரை பார்த்தே இராத ஒரு மருத்துவர் நள்ளிரவில் அதைத் திறக்கும்போது தெரிந்துவிடும். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். உடன் வந்தவருக்கு விவரம் தெரியவில்லை. எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது, இப்போது என்னென்ன மருந்துகள் கொடுக்கப்படுகின்றன, நேற்று சிகிச்சையை மாற்றியவர் ஏன் மாற்றினார் என்ற மூன்று கேள்விகளுக்கும் சில நிமிடங்களில் விடை கிடைத்தாக வேண்டும். முதல் இரண்டுக்கும் காகிதத்தைவிடக் கணினி நன்றாக விடை சொல்கிறது. மூன்றாவதற்குப் பல இடங்களில் இன்னும் காகிதமே நன்றாக விடை சொல்கிறது. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியதால், மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைவிட இந்த வேறுபாடே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காகிதத்தின் மீது எனக்குப் பற்று ஏதும் இல்லை. ஒரு கோப்பு ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். அது எக்ஸ்ரே பிரிவுக்குப் போயிருக்கும் வேளையில் நோயாளி வேறொரு மருத்துவரிடம் போனால், அங்கே தற்காலிகக் கோப்பு ஒன்று திறக்கப்படும், அது பெரும்பாலும் மூலக் கோப்போடு சேர்க்கப்படாமலே போய்விடும். எண் வரிசையில் ஒரு தட்டு தள்ளி வைக்கப்பட்ட கோப்பு, காணாமல் போன கோப்புதான். ஒரு காலத்தில் மருத்துவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பேரேடு வைத்து, எல்லா நோயாளிகளையும் அதில் வரிசையாக எழுதிவந்தனர். 1907இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர் அதை மாற்றி, ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரே கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்றைய மின்னணுப் பதிவேடுகளின் அடிப்படையும் அதுவேதான். காகிதத்தால் அந்த எண்ணத்தை ஒரு கட்டடத்துக்குள் மட்டுமே நிறைவேற்ற முடிந்தது.

கையெழுத்தின் ஆபத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது என்றாலும், ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இன்சுலின் அளவை எழுதும்போது யூனிட் என்பதற்குப் பதிலாக 'யு' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணை ஒட்டிப் போடும் வழக்கம் இருந்தது. அந்த எழுத்தின் மேல்வாய் சற்று மூடிக்கொண்டால் அது பூஜ்யம் ஆகிவிடும். 10 யூனிட் 100 யூனிட்டாகப் படிக்கப்படும். 1 என்று எழுதாமல் 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கிய இடத்தில் அது 10 ஆகும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட தடைப் பட்டியலில் இவ்விரண்டும் உள்ளன. அளவும் அலகும் அச்செழுத்தில் வரும் கணினியில் இந்தத் தவறுக்கு இடம் மிகக் குறைவு.

கணினியின் பெரிய பலம் நினைவூட்டல். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் உள்ள ரீஜென்ஸ்ட்ரீஃப் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்ட் 1976இல் வெளியிட்ட ஆய்வு, கணினி நினைவூட்டியபோது மருத்துவர்கள் கவனிக்க வேண்டியதைக் கூடுதலாகக் கவனித்தார்கள் என்று காட்டியது. அவர்களுடைய அறிவில் குறை இல்லை, மனிதக் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அவர் கண்ட முடிவு. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது எத்தனையோ பேருடைய காகிதக் கோப்புகள் வெள்ளத்தில் அழிந்தன. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையின் நோயாளிகளுக்கோ, இடம்பெயர்ந்து சென்ற ஊர்களிலும் தங்கள் பதிவுகள் கணினியில் கிடைத்தன.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும், 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை இந்த மாற்றத்தில் ஈடுபடும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பேன். பதினாறு வயதுச் சிறுவனுக்கு அவன் வழக்கமாக உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்று கொடுக்கப்பட வேண்டும். ஒரு மாத்திரையில் இருப்பது 160 மில்லிகிராம். எடை 40 கிலோவுக்குக் குறைவாக இருந்ததால், அளவைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் உள்ளிட வேண்டும் என்பது அங்கே விதி. மருத்துவர் அப்படியே உள்ளிட்டார். கணக்கிட்டு வந்த அளவு மாத்திரையின் அளவோடு பொருந்தவில்லை; 160 என்றே திருத்தி அனுப்புமாறு மருந்தாளுநர் கேட்டார். மருத்துவர் 160 என்று தட்டச்சு செய்தபோது கட்டம் இன்னும் கிலோவுக்கான அலகிலேயே இருந்தது. 160ஐக் கணினி அவனுடைய எடையால் பெருக்கியது. ஆணை 38½ மாத்திரைகள் ஆனது. எச்சரிக்கை திரையில் வந்தது, மருத்துவர் அதைத் தள்ளிவிட்டார். மருந்தாளுநரிடமும் வந்தது, அவரும் தள்ளிவிட்டார். இயந்திரம் மாத்திரைகளைப் பிசகாமல் எண்ணிக் கட்டியது. செவிலியருக்குச் சந்தேகம் எழுந்தது; ஆனால் பார்கோடை ஸ்கேன் செய்தபோது இதுதான் சரியான அளவு என்று கணினி உறுதி சொன்னது. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். வலிப்பு வந்து, பிறகு நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

காகிதத்தில் ஒரு மருத்துவர் 38½ மாத்திரை என்று எழுதியிருந்தால் செவிலியர் தொலைபேசியை எடுத்திருப்பார். கணினி சரிபார்த்துவிட்டது என்ற நம்பிக்கை அந்தக் கையைத் தடுத்துவிட்டது. எச்சரிக்கைகள் தள்ளிவிடப்பட்டதற்கு அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வதும் நியாயமாகாது. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் கடந்துசெல்லப்படுகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறியது. எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில், ஒரே ஒலியில் எச்சரிக்கும் மென்பொருள் எதற்கும் எச்சரிக்கவில்லை என்றுதான் பொருள்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. கேஸ் ஷீட்டின் ஓரத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருக்கிறேன்: "தூக்க மாத்திரை நிறுத்தப்பட்டது. நேற்றிரவு இடம் தெரியாமல் எழுந்து நடந்ததாக மகள் சொன்னார்." அடுத்து வரும் மருத்துவருக்கு இந்த ஒரு வரி போதும். அதே செய்தியைத் திரையில் உள்ளிடும்போது, மருந்தை நிறுத்தியதற்கான காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்யச் சொல்கிறது. பட்டியலில் பொருத்தமான காரணம் இல்லை. கடைசியில் 'பிற' என்பதை அழுத்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போகிறார்கள். பதிவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. மகள் சொன்னது இல்லை. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல், பதிவேட்டை நோயாளியின் பிரச்சினைகளின்படி அமைக்க வேண்டும், நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, மருத்துவர் கருதுவது, இனிச் செய்யவிருப்பது என்று சிந்தனை வரிசையாகத் தெரிய வேண்டும் என்று வாதிட்டார். அவரே கணினிமயமாக்கலின் முன்னோடிகளில் ஒருவர் என்பது நினைவில் இருக்க வேண்டியது.

காப்பி பேஸ்ட் அந்தச் சிந்தனையை இன்னும் மறைக்கிறது. நேற்றைய குறிப்பை அப்படியே இழுத்து ஒட்டுவதால், "அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள்" என்ற சொற்கள் ஆறாம் நாளும் அங்கேயே நிற்கும். எடுத்தாகிவிட்ட சிறுநீர்க் குழாய் குறிப்பில் மட்டும் இன்னும் பொருத்தப்பட்டிருக்கும். குறிப்பு நீண்டுகொண்டே போகும், அதில் இன்று எழுதப்பட்டது எது என்று தெரியாது. இதற்கு மருத்துவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் கழிகிறது என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு கண்டது. அந்த நிலையில் எவரும் இழுத்துத்தான் ஒட்டுவார்.

அந்தரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். அலமாரியை உடைப்பவரால் சில கோப்புகளைத்தான் தூக்கிச் செல்ல முடியும். பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட பல்லாயிரம் பேருடைய சிகிச்சைக் குறிப்புகளை வைத்து, 2020இல் நோயாளிகளையே தனித்தனியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள். எஸ்தோனியாவில் தமது பதிவை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதை நோயாளியே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது வெளியிலிருந்து வரும் திருடனைத் தடுக்காது என்றாலும், உள்ளே இருப்பவர் தேவையின்றித் திறப்பதை நிச்சயம் குறைக்கும். எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு அது. 2021 மே மாதம் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையை இணையவழித் தாக்குதல் முடக்கியபோது ஊழியர்கள் மீண்டும் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்கள். அப்படிப்பட்ட நாளுக்காக அச்சடித்த படிவங்கள் ஒவ்வொரு வார்டிலும் தயாராக இருக்க வேண்டும். அவற்றில் எழுதிப் பழகியவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும்.

மாற்றத்தின்போது மிகக் குறைவாகப் பேசப்படும் வேலை, பழைய கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவருவது. ஸ்கேன் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதற்குள் இருக்கும் ஒவ்வாமையை மென்பொருள் படித்து எச்சரிக்காது. ஆகவே ஒவ்வாமை, நடப்பு மருந்துகள், செய்த அறுவை சிகிச்சைகள், உடலுக்குள் பொருத்திய கருவிகள் ஆகியவற்றை ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்தாக வேண்டும். அட்டையின் மேல் சிவப்பு மையில் "பென்சிலின் ஒவ்வாமை" என்று மட்டும் எழுதியிருக்கும். மூச்சு முட்டியதா, வயிறு கலங்கியதா, எப்போது நடந்தது என்று இருக்காது. பென்சிலின் ஒவ்வாது என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். காகிதத்தில் அந்தக் குறிப்பு ஒரு மருத்துவமனையோடு நின்றிருக்கும். கணினியில் ஏறிவிட்டால் நோயாளி போகும் இடமெல்லாம் போகும், அவருக்கு ஏற்ற மருந்தை ஒவ்வொரு முறையும் மறுக்கும். தட்டச்சு செய்பவர் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன் நோயாளியையோ குடும்பத்தாரையோ அழைத்து என்ன நடந்தது என்று கேட்பதற்கு நேரமும் அதிகாரமும் அவருக்குத் தரப்பட வேண்டும். கேட்டறிந்ததை முழு வாக்கியமாக எழுதுவதற்கு அந்தத் திரையில் இடமும் இருக்க வேண்டும்.