கீல் ஆறு, சாவி இல்லை

மார்ச் 3
அம்மாவுக்குப் பயாப்சி முடிந்தது. ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள் ஆகுமாம். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினேன். பழைய வீட்டு வாசக்கதவுச் சாமான்: கீல் ஆறு, கொண்டி, நாதாங்கி, பித்தளைக் குமிழ் ரெண்டு, ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. எல்லாம் ஒரே துருக்கட்டி. பூட்டுக்குச் சாவி இல்லை.

மார்ச் 4
எல்லாவற்றையும் வினிகரில் போட்டேன்.
"மாட்டறதுக்குக் கதவே இல்லையேடி" என்றாள் அம்மா.

மார்ச் 5
போன் வரவில்லை. பத்து நாள் என்றால் ஞாயிறும் சேர்த்தா?

மார்ச் 7
அவசரத்தில் குமிழையும் இரும்போடு போட்டது தப்பு. துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் மேலே நிற்கிறது, வெந்த இறால் நிறத்தில். அம்மா ஒன்றும் சொல்லாமல் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட பக்கத்துக் கையை மடியில் வைத்துவிட்டு ஒரு கையாலேயே தேய்த்தாள். பாதி மஞ்சள் திரும்பியது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8
திருகாணிகள் எல்லாம் ஒற்றைக் கோட்டுத் தலை. ஒன்று மட்டும் கூட்டல்குறி. தாத்தா கதவு மாட்டியது 1931-இல். கூட்டல்குறித் தலைக்கு ஃபிலிப்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1936-இல்தான். அப்படியானால் இது அப்பா பிறகு போட்டது. வளைத்து, கோணலாக. அப்பாவேதான். அதை மட்டும் தேய்க்காமல் எடுத்து வைத்தேன்.

மார்ச் 9
பூட்டைக் கழற்றித் திறந்தேன், திறந்த கையோடு கெடுத்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை விரலால் தொட்டேன், படக்கென்று ரெண்டாகிவிட்டது. அமிலத்தில் ஊறும்போது உண்டாகும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து நொறுங்க வைக்கும். தெரியும். தெரிந்தேதான் அஞ்சு நாள் ஊறவிட்டேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், எங்கள் வீட்டுப் பூட்டுக்கு ஒரு ஸ்பிரிங் யார் கொடுப்பார்கள்?
சாப்பிடவில்லை. அம்மாவும்.

மார்ச் 10
கழுவித் துடைத்து வைத்த கீலில் அரை மணியில் ஆரஞ்சுப் பொடி. ஆப்பசோடாத் தண்ணீரில் முக்கி, தோசைக்கல்லில் சூடுகாட்டி, ஆறுவதற்குள் மெஷின் எண்ணெய் தடவினால் நிற்கிறது. அஞ்சு கீல் ஆச்சு.

மார்ச் 11
ஆறாவது கீலுக்கு வினிகர் போதாது, கரண்ட் விட்டுத்தான் துருவை எடுக்கணும். வாளியில் நாலு லிட்டர் தண்ணீர், ஒரு கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் கீலுக்கு, பிளஸ் பழைய இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் கீல்தான் கரையும், அதனால் மூன்று தடவை பார்த்தேன். தகடு சின்னதாக இருக்கிறதே என்று அம்மா எவர்சில்வர் தட்டை நீட்டினாள். வேண்டாம்மா, அதிலிருக்கிற குரோமியம் தண்ணீரில் இறங்கி விஷமாகும் என்றேன்.
"விஷம்னா தூரப் போடு" என்று தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னலைத் திறந்து வைத்தேன். கீலைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி. ராத்திரி முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12
போன் வந்தது. நாளைக்குப் பத்தரைக்கு வரணுமாம், கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு. ஏன் கூட ஒருத்தர்?
தண்ணீர் காப்பிக் கலரில் நுரைத்துக் கிடக்கிறது. கிளம்புமுன் சார்ஜரை நிறுத்தணும்.